களைத்த குதிரையில் வந்தவன்

ஒரு குதிரை வருகிறது. பட்டத்துக் குதிரை இல்லை. நெடுந்தூரம் நடந்து களைத்துப்போன சாதாரணக் குதிரை. அதன்மேல் ஓர் இளைஞன். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று மாலை, வீரநாராயண ஏரியின் நீண்ட கரைமீது இருவரும் ஆறுதலாக வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழில் எழுதப்பட்ட மிகப் பெரிய அரசகதை ஒன்று தன் வாசலை இப்படித்தான் திறக்கிறது. முரசு முழங்கவில்லை, வெண்கொற்றக்குடை விரியவில்லை, கட்டியம் கூற ஒருவரும் இல்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை எத்தனையாவது தடவை விரித்தாலும் இந்த முதற்பக்கத்தில் சற்றுத் தங்கிப்போகவே மனம் விரும்புகிறது. அவ்வளவு எளிமையான, அவ்வளவு ஒய்யாரமான தொடக்கம்.

அவன் குதிரையை விரட்டவில்லை. களைத்த மிருகத்தின்மேல் இரக்கம் ஒரு பக்கம். அதைவிட, கண்முன்னே விரிந்துகிடக்கும் நீர் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. எழுபத்து நான்கு கணவாய்கள் வழியாகப் புதுவெள்ளம் பாய்ந்து வயல்களுக்குப் போகிற சத்தத்தை அவன் கேட்கிறான். அவன் கேட்பதால் நாமும் கேட்கிறோம். மட்டக்களப்பின் கரடியனாற்றுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு இந்த அத்தியாயம் தனிச் சுவையுடையது. குளக்கட்டு என்றால் என்ன, துருசு திறந்தால் தண்ணீர் என்ன சத்தம் போடும், எந்த வாய்க்கால் எந்த வட்டைக்குப் போகும் என்பதெல்லாம் உறுகாமத்தையும் உன்னிச்சையையும் அறிந்த கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நமது குளங்கள் வான் பாய்வது கார்த்திகை, மார்கழி மாரியில். ஆடி நமக்குக் காய்ந்த மாதம். கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுக்கிற மாதம். குடகு மலையில் பெய்கிற தென்மேற்குப் பருவமழையைக் காவிரி சுமந்து வந்து சோழநாட்டு ஏரியை ஆடியில் நிரப்புகிறது. படுவான்கரையில் இருந்து வாசிக்கும்போது, ஆடியில் ததும்பி நிற்கும் அந்த ஏரிதான் நாம் வேறோர் உலகத்துக்குள் கால் வைத்துவிட்டோம் என்பதற்கு முதல் அடையாளம். அந்த உலகத்தில் கோடையும் குளிர்ந்திருக்கிறது.

சரித்திர நாவல் என்றுதான் இதற்குப் பெயர். பெயர் சரியானதே. உடையார்குடிக் கோயிற் கல்வெட்டும் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளும் இதற்கு எலும்புக்கூடு தந்திருக்கின்றன. ஆயினும் வாசிக்கிறவர் நெஞ்சில் இது வேலை செய்கிற விதம் மாயக்கதையின் விதம். சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகள், வானத்தில் நீண்டுகிடக்கும் வால் நட்சத்திரம், வெறியாட்டில் குரலெடுத்துப் பலி கேட்கும் தேவராளன், பூதத்தீவு, பாதாளச் சிறை, பேய்போலத் தோன்றி மறையும் ஒரு பெண் என்று மாயக்கதைக்கு வேண்டிய அத்தனையும் இங்கே இருக்கின்றன. 1950 ஒக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டு, கிழமைக்குக் கிழமை வளர்ந்து ஐந்து பாகமான பேருலகம் இது. அந்த உலகத்துக்குள் நம்மை அழைத்துப்போக ஆசிரியர் தேர்ந்த ஆளைத்தான் நான் திரும்பத் திரும்ப வியக்கிறேன். சக்கரவர்த்தி, பட்டத்து இளவரசன், முதன்மந்திரி, தனாதிகாரி எல்லோரும் கதையில் இருக்கிறார்கள். இருந்தும் நமக்கு இரவல் கிடைக்கும் கண்கள், மடியில் ஓலைகளும் இடையில் ஒரு வாளும் தவிர வேறு சொத்தில்லாத வந்தியத்தேவனுடையவை.

வாணர் குலத்தவன், ஒருகாலத்தில் அரசாண்ட குடி என்றெல்லாம் அவனுக்குப் பழம்பெருமை உண்டுதான். ஆனால் ஆள ஒரு பிடி மண் கிடையாது. காஞ்சியிலிருந்து பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகளைத் தஞ்சைக்கும் பழையாறைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. தபால்காரன் என்று சொன்னாலும் தப்பில்லை. தஞ்சைக் கல்வெட்டிலே சோழ இளவரசி குந்தவையின் கணவராக ஒரு பெயர், ஒரேயொரு பெயர், பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லெழுத்தின் பின்னால் இப்படி ஒரு சிரிப்புக்காரனை, பசிக்காரனை, வாய்த்துடுக்கனை, விழுந்தெழும்புகிறவனைக் கண்டுபிடித்ததுதான் கல்கியின் கலை.

அந்தக் கண்களுக்கு அதிகாரம் எப்படித் தென்படுகிறது பாருங்கள். ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். பெண்கள் பாடுகிறார்கள், கொண்டுவந்த சோற்றுவகைகளைக் குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்து உண்கிறார்கள். அந்த இனிமைக்கு நடுவே, பனைமரக் கொடி பறக்கும் ஓடங்கள் தூரத்தில் தெரிகின்றன. அவற்றுக்கு உரியவரான தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரை நாம் இன்னும் பார்க்கவில்லை. அவர் எத்தனை போர் கண்டவர், உடம்பில் எத்தனை விழுப்புண் என்ற கணக்கெல்லாம் பிறகுதான் வரும். முதலில் வருவது கூட்டத்தின் சலசலப்பு. சனங்கள் ஒதுங்குகிறார்கள், ஒதுக்கப்படுகிறார்கள். பாட்டின் சுருதி தாழ்கிறது. காவல்வீரர் இந்த வழிப்போக்கனின் குதிரையைக் கேலிசெய்கிறார்கள். பெரிய மனிதரின் பெருமை எளியவனிடம் வந்துசேரும்போது எந்த உருவத்தில் வரும் என்பதைக் கல்கி ஒரு வரி விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார். அரண்மனைக்குள்ளிருந்து கதையைத் தொடங்கியிருந்தால் இந்த நுட்பம் கைகூடியிராது. அதிகாரத்தின் எடை அதைச் சுமக்கிறவனுக்கு அல்லவா தெரியும்.

அன்றிரவு கடம்பூர் மாளிகை. நண்பன் கந்தமாறன் வீட்டில் இரவு தங்க வந்தவன், மேல்மாடத்தில் ஒரு மூலையில் படுத்துவிடுகிறான். நடுநிசியில் விழித்துப் பார்த்தால் மதிற்சுவரின்மேல் ஒரு தலை! உடல் இல்லாத தலை! அந்தக் கணத்தின் திடுக்கிடலை எத்தனை அழகாக நீட்டுகிறார் கல்கி. கனவா, நினைவா, குட்டிச்சாத்தானா என்று அவன் தடுமாறுகிற அத்தனை நாழிகையும் நாமும் தடுமாறுகிறோம். அது முதன்மந்திரியின் ஒற்றன் ஆழ்வார்க்கடியானின் தலை, சுவருக்கு அப்பாலிருந்து எட்டிப்பார்க்கிறான் என்று தெளிவதற்குள், கீழே சோழ சாம்ராச்சியத்தின் அடுத்த மன்னர் யார் என்று சிற்றரசர்கள் கூடிக் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவன் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவன் அல்லன். அதைக் கலைக்க வல்லவனும் அல்லன். விருந்தாளி. நண்பன் வீட்டில் உப்பைத் தின்றவன், தன் எசமானுக்கு எதிரான சதியைக் காதால் கேட்டுவிட்டான். யாரிடம் சொல்வது, சொல்லாமல் எப்படி இருப்பது? ஓர் அரசனுக்கு இந்த இக்கட்டு நேராது. இரண்டு பக்கமும் நன்றிக்கடன் பட்ட எளியவனுக்கே இது நேரும். பின்னால் வரும் அத்தனை பாய்ச்சலுக்கும் பதுங்கலுக்கும் விதை இந்த ஒரு நித்திரை கலைந்த இரவில் விழுகிறது.

இனி நான் மிகவும் காதலிக்கிற இடம். அரிசிலாற்றங்கரை. ஆற்றோரத்தில் பெண்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. வந்தியத்தேவன் ஒரு விநாடியும் தாமதிக்கவில்லை. குதிரையிலிருந்து குதித்து, வேலை எறிந்து, வீராவேசமாக நிற்கிறான். முதலை அசையவில்லை. பெண்களும் அசையவில்லை, பிறகு சிரிக்கிறார்கள். செத்த முதலை! கொடும்பாளூர் இளவரசி வானதியின் தைரியத்தைச் சோதிக்கக் குந்தவையின் தோழியர் வைத்த விளையாட்டுப் பொருள். வீரத்தின் மிக அழகிய கணம் பஞ்சடைத்த தோலின்மேல் பாய்ந்து முடிகிறது. முதலைக் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் குளக்கட்டுகளில் கிடையாது என்பதால், இந்த இடத்தில் நாங்கள் சிரிப்பது சற்று அதிகமாகவே இருக்கும். ஆனால் சிரிப்பினடியில் கல்கி செய்துவைத்த வேலையைப் பாருங்கள். எதிரே நிற்பவள் இளையபிராட்டி, சோழநாட்டின் மிகக் கூர்மையான மூளை. அவள் முன்னால் அவன் அசடாகிறான். அசடானாலும், ஆபத்து என்று நினைத்த கணத்தில் அவன் கணக்குப் பார்க்காமல் பாய்ந்தவன் என்பதை அவள் கண்டுகொண்டாள். ஒரு காதலுக்கு இதைவிட நேர்த்தியான கால்கோள் கிடைக்குமா? வென்ற வீரனைக் காதலிக்க யாராலும் முடியும். செத்த முதலையைக் கொன்றவனைக் காதலிக்கக் குந்தவை வேண்டும்.

தஞ்சை வழியில் நடக்கும் பல்லக்குக் குறும்பும் இதே கைவண்ணம். மூடிய பல்லக்குக்குள் இருப்பது யார் என்று அறிய வேண்டும். குதிரையைப் பல்லக்கின் பக்கமாகச் செலுத்தி இடிபட விட்டு, பல்லக்கு வந்து தன் குதிரையை மோதிவிட்டது என்று கூக்குரலிடுகிறான். எத்தனை துணிச்சலான, எத்தனை பிள்ளைத்தனமான பொய்! திரை விலகுகிறது. உள்ளே அவன் எதிர்பார்த்த ஆள் இல்லை; பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி இருக்கிறாள். நகைச்சுவையின் உச்சியிலேயே திகிலின் வாசல் திறந்துவிடுகிறது. கோட்டைக்குள் நுழைய அவள் கொடுக்கிற பனை இலச்சினை மோதிரம் ஐந்து பாகத்துக்கும் அவனை விடாமல் துரத்தப்போகிறது. பெரிய விதிகள் சின்னக் குறும்புகளின் விரலைப் பிடித்துக்கொண்டு வருவதை இந்த நாவலில் போல வேறெங்கும் நான் ரசித்ததில்லை.

கதையின் பெயர் ‘பொன்னியின் செல்வன்’. அந்தச் செல்வன், அருள்மொழிவர்மன், பழைய நினைவாக ஓரிடத்தில் வருவதைத் தவிர முதற்பாகம் முழுவதும் நம் கண்ணில் படுவதே இல்லை! பெயரை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். குடந்தைச் சோதிடர் அவனைத் துருவ நட்சத்திரத்தோடு சேர்த்துப் பேசுகிறார். அக்காள் குந்தவை அவனை எண்ணி ஏங்குகிறாள். இரண்டாம் பாகம் திறந்ததும் ஓடக்காரி அவன் நினைவில் பாடுகிறாள். ஊர்ச்சனங்கள் அவன் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிறார்கள். மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை விடியவிடியப் பார்த்த கண்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. வட்டக்களரியில் முதலில் கட்டியகாரன் வருவான். கொலுவுக்கு இராசா வரப்போகிறார் என்று அவன் பாடி ஆடி, களரியை ஒருமுறை சுற்றி, எங்கள் மனத்தில் ஒரு சிம்மாசனத்தைப் போட்டுவைப்பான். பிறகுதான் மத்தளம் ஓங்க, சல்லரி பிளக்க, கனத்த உடுப்போடு மன்னன் வருவான். கல்கி ஒரு முழுப் பாகத்துக்கு மேலேயே அந்த வரவுக்கான கட்டியமாக எழுதியிருக்கிறார். அதைக் கூறுகிறவர்கள் சோதிடர், பூக்காரர், படகுக்காரி, ஒற்றர், வைத்தியர் என்று வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும்.

அந்த வரவு நிகழ்வது நமது தீவில். இரண்டாம் பாகத்தில், இலங்கைக் காட்டுவழியில், வந்தியத்தேவன் ஒரு வீரனோடு தோளோடு தோள் மோதிச் சண்டை போட்ட பிறகே அந்த வீரன்தான் இளவரசன் என்று தெரிகிறது. அடிபட்டவனுக்கு மூச்சு வாங்குகிறது, அடித்தவன் சிரிக்கிறான். முதற் சந்திப்பிலேயே பட்டமும் பதவியும் உதிர்ந்து இருவரும் வெறும் இளந்தாரிகளாகி விடுகிறார்கள். தம்புள்ளையும் அநுராதபுரமும் யானையிறவும் பெயர் பெயராக வரும் அந்தப் பக்கங்களை இங்கிருந்து வாசிக்கிறபோது உள்ளே ஒரு பெருமிதம் எழும்புவதை மறைப்பானேன். கல்கி இந்த மண்ணுக்கு வந்து, பார்த்து, எழுதியவர். பொலன்னறுவையில் இன்றும் நிற்கிற கருங்கற் சிவாலயம் சோழ அரசி வானவன்மாதேவியின் பெயரால் எழுந்தது. இங்கிருந்து ஒரு பகற்பயணத் தூரம்தான். சோழநாட்டுக் கற்கோயிலின் மிடுக்கைத் தமிழ்நாட்டுக்குப் போகாமலே பார்க்க விரும்புகிறவர், கையில் இரண்டாம் பாகத்தோடு அங்கே ஒருமுறை போய்வரலாம்.

பூங்குழலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். அவளுக்குக் கடல்தான் முற்றம். அவளைத் துரத்திக்கொண்டு இருட்டில் ஓடிய வந்தியத்தேவன் சேற்றுப் பள்ளத்தில் இறங்கி, அங்குலம் அங்குலமாக அமிழ்கிறான். கதாநாயகன் புதைசேற்றில், காப்பாற்றுகிறவள் படகுக்காரி. இந்த நாவல் முழுக்கத் தூக்கிவிடுகிற கை அநேகமாகப் பெண்ணின் கை என்பதைக் கவனியுங்கள். பிறகு அவள் அவனுக்குச் சதுப்பின் நடுவே குப்பென்று எரிந்து அணையும் நெருப்புகளைக் காட்டுகிறாள். அவைதாம் தன் காதலர்கள் என்கிறாள். சதுப்பு வாயு என்று இன்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த இரவில், அந்தப் பெண்ணின் குரலில், அந்த நெருப்புகள் உண்மையிலேயே பேய்கள். வாவியில் இரவு தோணி வலித்தவர்களுக்கு, நீரடியிலிருந்து மீன் பாடும் என்று காதைத் துடுப்பில் வைத்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த மயக்கத்தின் மெய்ம்மை நன்றாகப் புரியும். விளக்கம் இருக்கலாம்; விளக்கத்தால் அழகு குறைவதில்லை.

கடலைக் கல்கி எழுதுகிற முறையிலும் ஒரு நயம் உண்டு. அவர் கடலைக் கரையில் நின்று வருணிப்பதில்லை. துடுப்புப் போடுகிறவள் அறிந்த கடலை எழுதுகிறார். எந்தக் காற்று எழும்பினால் பாய் இறக்க வேண்டும், எந்த அமைதிக்குப் பின்னால் சுழற்காற்று ஒளிந்திருக்கிறது என்று அவள் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் வாக்கியங்களாக வருகின்றன. அரசகுமாரிகளுக்குச் சூட்டுகிற உவமைகளைவிட இந்தப் படகுக்காரிக்கு அவர் கொடுத்த தொழிலறிவு எனக்கு அதிகம் அழகாகப் படுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்த நாவலின் நெஞ்சுக்குழிக்கு வரவேண்டும். குழந்தை அருள்மொழி காவிரியில் விழுந்தான். ஒரு பெண் அவனை எடுத்துக் கொடுத்துவிட்டு மறைந்தாள். காவிரித்தாயே வந்து காப்பாற்றினாள் என்று சோழநாடு நம்பியது. பொன்னியின் செல்வன் என்ற பெயர் அப்படி வந்தது. கதை வளர வளரத் தெரிகிறது, அந்தக் கைகள் நதித்தெய்வத்தின் கைகள் அல்ல. மந்தாகினியின் கைகள். பேச்சும் கேள்வியும் இல்லாத ஒரு மீனவப் பெண். ஒருகாலத்தில் பூதத்தீவில் ஓர் இளவரசன் நேசித்து, பின் அரண்மனை அவனை இழுத்துக்கொண்டதால் தனித்துப்போனவள். காடுமேடாகத் திரிந்து, தான் பெறாத பிள்ளைக்குக் காவலாக நின்றவள். தெய்வம் செய்ததாக நாடு கொண்டாடிய அற்புதத்தைக் கல்கி எடுத்து, அதைச் செய்த மனுசியிடம் மரியாதையோடு திருப்பிக் கொடுக்கிறார். வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடும் நாட்டில், துன்பப்பட்ட ஒரு பெண் தெய்வமானதை நாம் வழிபட்டுப் பழகியிருக்கிறோம். கல்கியின் பாதை எதிர்த்திசையில் போகிறது. தெய்வத்திலிருந்து பெண்ணுக்கு. இரண்டு பாதையும் ஒரே கருணையில்தான் சந்திக்கின்றன.

அவள் தன் கதையைச் சொல்லும் இடத்தை ஒரு கணம் நின்று பாருங்கள். பேச முடியாதவள் பாறையில் சித்திரம் வரைந்து வைத்திருக்கிறாள். குழந்தை, ஆறு, புலி, கரடி என்று ஒவ்வொரு ஆபத்தும் கோடுகளாக இருக்கின்றன. இளவரசன் சித்திரம் சித்திரமாகத் தடவித் தன் உயிரின் வரலாற்றைப் படிக்கிறான். பேச்சில் மன்னரான ஓர் எழுத்தாளர், மேடையிலும் தாளிலும் தமிழைக் குழைத்துக் கொடுத்தவர், தன் கதையின் ஆழமான உண்மையை ஓர் ஊமைப் பெண்ணின் கீறல்களிடம் ஒப்படைத்தார். அந்தத் தன்னடக்கத்தின் அழகைச் சொல்ல எனக்கு வார்த்தை குறைகிறது.

சேந்தன் அமுதனை மட்டும் எப்படி விட்டுவிடுவது! தஞ்சையில் நந்தவனம் வைத்து, பூத்தொடுத்து, தளிக்குளத்தார் ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தேவாரம் பாடுகிற பிள்ளை. வந்தியத்தேவனுக்கு அங்கே முதலில் சோறும் படுக்க இடமும் கொடுத்தவன். நாடே சிம்மாசனத்துக்காகக் கத்தி தீட்டிக்கொண்டிருக்கையில் இவன் அலரியையும் நந்தியாவட்டையையும் பற்றிக் கவலைப்படுகிறான். கடைசியில் அந்தச் சிம்மாசனம் யாரிடம் போகிறது தெரியுமல்லவா? எல்லோரும் ஆவலோடு காத்திருந்த முடிசூட்டுநாளில் அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை இந்தப் பூக்காரன் தலையில் வைக்கிறான். பிறப்பின் இரகசியம் என்று கதை அதற்கு ஒரு காரணமும் கொடுக்கிறது. அந்தக் காரணத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. பெரிய மகாராணி செம்பியன்மாதேவியின் மகன் என்பது தெரிவதற்கு முன்னரே, முதற்பாகத்தில் பூக்கூடையோடு நடந்த அந்த நடையிலேயே அவனுக்கு அந்த மகுடம் பொருந்தியிருந்தது.

‘பொன்னியின் செல்வன்’ முடிந்த அதே 1954இல், யூலை மாதம், இலண்டனில் டோல்கினின் ‘மோதிரங்களின் தலைவன்’ வெளிவரத் தொடங்கியது. சென்னையிலும் ஒக்ஸ்போர்டிலும் இருந்த இந்த இரண்டு கதைசொல்லிகளும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் ஒரே இரகசியம் இருவருக்கும் தெரிந்திருந்தது. டோல்கினின் கதையிலும் மன்னர்களும் மந்திரவாதிகளும் நிறைந்திருக்க, நெருப்புமலை வரை நம்மைக் கூட்டிப்போகிறவன் சாம் என்ற தோட்டக்காரன். அவன் முதுகுப்பையில் சட்டிபானை; சின்னப் பெட்டியில் உப்பு. உலகம் அழியப்போகிற வேளையில் முயற்கறி சமைக்கிறான். பாழ்நிலத்தில் அந்தச் சட்டிகளைத் தூக்கியெறிய நேரும்போது அவனுக்கு உண்டாகும் வலி ஒரு போர்க்களச் சாவுக்குச் சமமாக எழுதப்பட்டிருக்கிறது. மாய உலகம் எவ்வளவு பெரிதோ, அதைப் பார்க்கிற கண் அவ்வளவு எளியதாக இருக்க வேண்டும். பசித்தால் சோறு தேடுகிற ஓர் ஆள் அருகில் நின்றால்தான் கோபுரத்தின் உயரம் நமக்கு உறைக்கும்.

ஒரு சின்ன மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன், காதலிக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு. மூன்றாம் நான்காம் பாகங்களில் வந்தியத்தேவன் கண்ணைவிட்டு மறைகிற இடங்கள் அதிகம். கடம்பூர் மாளிகைக்குள் பெரியவர்கள் ஆளையாள் குத்திப் பேசுகிற உரையாடல்கள் நீண்டுகொண்டே போகின்றன. அப்போதெல்லாம் எனக்குக் களைத்த குதிரையின் ஞாபகம் வரும். அவன் மறுபடி ஒரு சுரங்கப்பாதையிலிருந்து தலையை நீட்டும் பக்கம் வந்ததும் மூச்சு இலகுவாகும். கிழமைக்கொரு அத்தியாயமாக வாசித்தவர்களுக்கு அந்த நீளம் தெரிந்திராது. அவர்களுக்கு ஏழு நாள் காத்திருப்பே போதிய வேகத்தைக் கொடுத்திருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் முடிகிற இடத்தைப் பாருங்கள். ஒரு காலடிச் சத்தம், ஒரு நிழல், கதவுக்கு அப்பால் ஒரு குரல். சத்தமாக வாசிக்கிறவர் அங்கே நிறுத்தினால் கேட்டுக்கொண்டிருப்பவர் வாயிலிருந்து தானாக வரும்: “மறுகா?”

இதழிலிருந்து கிழித்துத் தைத்துக் கட்டிவைத்த பழைய தொகுப்புகளைக் கண்டால் விடாதீர்கள். அவற்றில் மணியத்தின் சித்திரங்கள் இருக்கும். சோழச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் கூர்ந்து பார்த்த கண் அது. குந்தவையின் கொண்டை, நந்தினியின் புருவ வளைவு, பழுவேட்டரையரின் மீசை ஆகியவற்றுக்குத் தமிழர் மனத்தில் இன்றுள்ள வடிவம் அநேகமாக அந்தத் தூரிகை கொடுத்தது. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்த பிறகும், வயதானவர்கள் பலருக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த அந்த முகம்தான்.

முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. முடிசூட்டோடு, வாழ்த்தொலியோடு நாவலை முடித்திருக்கலாம். கடைசி அத்தியாயத்துக்குக் கல்கி அழைத்துப்போவது கந்தமாறனின் தங்கை மணிமேகலையிடம். சதியும் சிம்மாசனமும் தன்னைத் தொடாத ஒரு வெள்ளை மனத்துப் பெண் வந்தியத்தேவனை விரும்பினாள். அவனுக்காகத் தன்மேல் கொலைப்பழியைக்கூட இழுத்துப் போட்டுக்கொள்ளத் துணிந்தாள். அவள் அவன் மடியில் உயிர்விட, அத்தனை குறும்பும் துடுக்கும் உலர்ந்து அவன் அழுகிறான். ஐந்து பாகத்தின் அரசியலும் எங்கோ போய்விடுகிறது. அதன்பின் யாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் கேட்டவற்றுக்கு முடிவுரையில் கல்கி பொறுமையாகப் பதில் எழுதினார். அதே 1954 டிசம்பரில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

வீட்டிலே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால், ஐந்து பாகத்தையும் ஒன்றாக அடுக்கிக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். அரிசிலாற்றங்கரை அத்தியாயத்தை மட்டும் எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முதலை வாய் பிளக்கிற இடத்தில் ஒருதரம் நிறுத்தி, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மிச்சத்தைப் பிள்ளை தானே தேடி எடுத்துக்கொள்ளும்.